பழைய தேக்குப் பலகைகளைப் புதுத் தரையாகப் பாவிய குறிப்புகள்

என் கைக்கு வந்த பலகைகள், இடிக்கப்பட்ட பழைய கட்டிடம் ஒன்றின் கூடத்துத் தரையிலிருந்து கழற்றப்பட்டவை. கனம் 22 மி.மீ.; அகலம் 60 முதல் 90 மி.மீ. வரை; நீளத்தில் முழங்கை அளவும் உண்டு, ஆள் உயரத்தைத் தாண்டியவையும் உண்டு. ஒரு விளிம்பில் நாக்கு என்னும் நீட்டம், மறு விளிம்பில் அடுத்த பலகையின் நாக்கு நுழையும் காடி என்னும் பள்ளம். மேற்பரப்பில் வார்னிஷ் அடுக்கடுக்காகக் கறுத்துக் கிடந்தது. ஒரு துண்டின் மூலையில் இழைப்புளியை ஓட்டிப் பார்த்தபோது, உள்ளே வளையங்கள் நெருங்கிய, வைரம் பாய்ந்த தேக்கு. இப்படிப்பட்ட மரம் அடுப்புக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மண்ணுக்கு மேலே இடைவெளி விட்டு, குறுக்குச் சட்டங்களின் மேல் நிற்கும் மரத்தரை கொண்ட ஓர் அறையில் இவற்றைப் பாவினேன்.

வேலைக்குப் போவதற்கு முன் ஒரு நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். “நூறு வருடம் காய்ந்த மரம், இனி அசையவே அசையாது” என்று பலரும் சொல்வார்கள். அப்படி இல்லை. மரம் எவ்வளவு பழையதானாலும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் பொதுவாக 9 சதவீத ஈரம் இருக்கும். காற்றில் 80 சதவீதம் என்றால் மரத்தில் 16 சதவீதம் வரை ஏறும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானதுதான். ஆனாலும் அதன் ஈரம் ஒரு சதவீதம் மாறினால், வளையங்களின் போக்கில் அதன் அகலம் ஏறத்தாழ 0.00186 பங்கு மாறும். சிறிய எண்ணாகத் தெரியும். 80 மி.மீ. அகலமுள்ள பலகையில், 4 சதவீத ஈர மாற்றத்துக்கு, அது 0.6 மி.மீ. ஆகும். அப்படி 50 பலகைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கும் 4 மீட்டர் அறையில் மொத்த அசைவு 30 மி.மீ. ஆகிவிடும். பலகைகள் தனித்தனியாக ஆணியடிக்கப்பட்டிருப்பதால் இந்த அசைவு எல்லா இணைப்புகளிலும் பங்கிட்டுக்கொள்ளப்படும். மொத்தமாக ஒரு பக்கம் தள்ளாது. ஆனால் அசைவு இருக்கிறது. அதைத் தடுக்க முயலும் தரை புடைத்தெழும், இல்லையென்றால் பிளக்கும். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகள் அநேகமாக எல்லாமே மரத்துக்கு அசைய இடம் கொடுப்பதைப் பற்றியவைதான்.

முதல் வேலை, தரைக்கு அடியில் பார்ப்பது. ஏற்கெனவே சட்டங்களின் மேல் கிடந்த சாதாரண மென்மரப் பலகைகளில் சிலவற்றை நெம்பி எடுத்துவிட்டு, கைவிளக்கோடு உள்ளே இறங்கினேன். சட்டங்கள் 400 மி.மீ. இடைவெளியில் இருந்தன. சட்டம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் நுழையும் முனையில்தான் கெடும். சுவரின் ஈரம் அங்கேதான் மரத்தைத் தொடுகிறது. கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலே வண்ணம் மாறாமல் உள்ளே உளுத்துப்போன சட்டங்கள் நிறைய உண்டு. கூரான குத்தூசியால் ஒவ்வொரு முனையையும் குத்தி நெம்பிப் பார்ப்பதுதான் சரியான வழி. நல்ல மரம் ஊசியை எதிர்க்கும். நெம்பும்போது நீளமான சிராய், சடக்கென்ற சத்தத்தோடு பிரிந்து வரும். உளுத்த மரத்தில் ஊசி சத்தமே இல்லாமல் இறங்கும். நெம்பினால் நார் எதுவும் நீளாமல் குறுக்கே முறிந்து, சிறு கட்டிகளாகப் பெயரும். கையில் கிடைக்கும் அந்த வித்தியாசம் எந்தக் கருவியின் எண்ணையும்விடத் தெளிவானது.

ஒரு சட்டத்தின் முனை இப்படிப் பெயர்ந்தது. அதற்கு நேர் வெளியே, சுவரின் அடியில் இருந்த காற்றுத் துளையை மண் மூடியிருந்தது. மரத்தின் ஈரம் தொடர்ந்து 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். மண்ணை அகற்றித் துளையைத் திறந்தேன். கெட்ட பகுதியை நல்ல மரம் வரும் வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே ஆழமுள்ள புதுச் சட்டம் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினேன். புது முனை சுவரின் கல்லை நேரடியாகத் தொடாதபடி இடையில் ஈரம் தடுக்கும் பட்டை வைத்தேன்; வெட்டுமுகத்தில் பூஞ்சை, கரையான் தடுப்பு மருந்தைத் தோயத் தோயப் பூசினேன். அடியில் கிடந்த பழைய மரச் சீவல்கள், செங்கல் துண்டுகள், குப்பை எல்லாவற்றையும் வாரி எடுத்தேன். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரையானுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். மேலே எவ்வளவு அழகான பலகை போட்டாலும் அடியில் காற்று ஓடவில்லை என்றால் சில வருடங்களில் எல்லாம் போய்விடும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

அடுத்தது துள்ளல். அறையின் நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தால் தரை அதிர்ந்தது. சட்டங்களுக்கு இடையே, அவற்றின் நீளத்தின் மையத்தில், அதே ஆழமுள்ள குறுக்குக் கட்டைகளை இறுக்கமாகப் பொருத்தி ஆணியடித்தேன். ஒரு சட்டத்தில் விழும் எடையை அடுத்த சட்டங்களும் வாங்கிக்கொள்வதால் அதிர்வு தெளிவாகக் குறைந்தது. துள்ளும் தரையில் வன்மரம் போட்டால் நாக்கும் காடியும் உரசி ஓயாமல் கிறீச்சிடும். பலகை ஏறிய பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இங்கே ஒரு தேர்வு வருகிறது. பழைய மென்மரப் பலகைகளை முழுவதுமாக எடுத்துவிட்டுத் தேக்கை நேரடியாகச் சட்டங்களின் மேல் அடிக்கலாமா? 22 மி.மீ. கனத்துக்கு 400 மி.மீ. இடைவெளி தாங்கும். ஆனால் என்னிடம் இருந்த பலகைகளில் குட்டையானவை அதிகம். நேரடியாக அடித்தால் ஒவ்வொரு முனையும் ஏதாவது ஒரு சட்டத்தின் மேல் விழ வேண்டும்; அதற்காக அறுத்து அறுத்தே பாதி மரம் துண்டாகிவிடும். எனவே பழைய பலகைகளை அடித்தளமாக விட்டுவைத்தேன்.

அதிலும் ஒரு சிக்கல். புதுப் பலகை சட்டங்களுக்குக் குறுக்கே ஓடுவதுதான் வலிமை. ஆனால் அடித்தளப் பலகைகளும் சட்டங்களுக்குக் குறுக்கேதான் ஓடுகின்றன. மேலும் கீழும் ஒரே திசையில் ஓடினால், அடியில் ஒரு பலகை வளைந்தாலும் சுருங்கினாலும் மேலே அதே கோட்டில் வெடிப்பு தெரியும். இடையில் 12 மி.மீ. பிளைவுட் போட்டு இரண்டையும் பிரித்தேன். முதலில் அடித்தளப் பலகைகளைச் சட்டங்களோடு திருகாணியால் மறுபடி இறுக்கினேன். கிறீச்சிடும் இடங்கள் அனைத்தும் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிட வேண்டும். பிறகு பிளைவுட் தகடுகளைச் செங்கல் வரிசைபோல மூட்டு விலக்கிப் பரப்பி, தகடுகளுக்கு இடையே 3 மி.மீ. விட்டு, ஓரங்களில் 150 மி.மீ.க்கு ஒன்று, உள்ளே 300 மி.மீ.க்கு ஒன்று என்று திருகாணி போட்டேன். அடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போகும் தடங்களை பிளைவுட்டின் மேல் சிவப்புச் சாயத்தில் அகலமாக வரைந்து வைத்தேன். இந்தத் தடங்களின் மேல் ஆணி அடிக்கும் நேரம் வரும்போது நினைவை நம்பக் கூடாது. கோடு கண்ணில் பட வேண்டும்.

மட்டத்துக்கு 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியக் கட்டையை எல்லாத் திசைகளிலும் வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது என்பது கணக்கு. பிளைவுட் போடும் முன்பே மேடுகளை இழைத்தும், பள்ளங்களில் மெல்லிய மரத்தகடுகளை அடுக்கியும் சரிசெய்துவிட்டேன். மரத்தரையின் பள்ளத்தில் சாதாரண சிமென்ட் கலவை ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. அடியில் மரம் நெளியும்போது அது வெடித்துத் தூளாகும். பிறகு ஒவ்வோர் அடிக்கும் நறநறவென்று சத்தம் வரும்.

இதற்கிடையே தேக்குப் பலகைகளை அதே அறையில், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே மெல்லிய குச்சிகள் வைத்து, காற்றுப் புகும்படி அடுக்கியிருந்தேன். எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாள் கணக்கு சொல்வதில் பயன் இல்லை. ஈரமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். அடித்தளத்தின் ஈரமும் பலகையின் ஈரமும் 2 சதவீதத்துக்குள் நெருங்கி, அடுத்தடுத்த அளவீடுகளில் எண் மாறாமல் நின்றால் மரம் தயார். திறந்த கொட்டகையிலிருந்து வந்த பலகையும் மூடிய கிடங்கிலிருந்து வந்த பலகையும் ஒரே கட்டில் கலந்திருக்கும் என்பதால், பல பலகைகளில் குத்திப் பார்ப்பது அவசியம்.

பழைய பலகை வேலையில் பெரும்பங்கு உழைப்பைக் கேட்பது சுத்தம் செய்வதுதான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய ஆணிகள் நாக்கின் வழியே சாய்வாக இறங்கியிருக்கும். அவற்றைத் தலைப்பக்கம் திருப்பி அடித்தால் நாக்கு பிளந்துவிடும். பலகையைக் கவிழ்த்து, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குறடால் பிடித்து, உருட்டினாற்போல நெம்பி அந்தப் பக்கமாகவே இழுத்தேன். பழைய ஆணிகளின் தலை சிறியது. மரத்துக்குள்ளேயே வழுக்கி வந்துவிடும். உள்ளே முறிந்து நின்றவற்றை உலோகம் காட்டும் கருவியால் தேடி வட்டமிட்டேன். மறைந்திருக்கும் ஒரே ஓர் ஆணி ரம்பத்தின் பல்லைக் கொண்டுபோய்விடும், கண்ணுக்கும் ஆபத்து.

பிறகு காடி. பல பத்தாண்டுகளாக இறங்கிய தூசி, மெழுகு, வார்னிஷ் எல்லாம் சேர்ந்து காடிக்குள் கல்லாக இறுகியிருந்தது. அதில் கடுகளவு மிச்சமிருந்தாலும் அடுத்த பலகையின் நாக்கு முழுவதும் இறங்காது; அங்கே தலைமுடி அளவு இடைவெளி நிற்கும்; அடுத்த வரிசைகளில் அது பெருகும். ஒரு பழைய இரும்பறுக்கும் வாள் தகட்டைக் காடியின் அகலத்துக்குத் தேய்த்து, முனையைச் சற்றே கொக்கியாக்கி வைத்துக்கொண்டேன். பலகையை மேசையில் இறுக்கிவிட்டு அந்தக் கொக்கியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தால், கறுப்பு நாடாவாக அழுக்கு சுருண்டு வெளியே வரும். கடைசியில் கொக்கி தடங்கலின்றி வழுக்கும்போது எழும் ஓசையே மாறிவிடும். அந்த ஓசை வரும் வரை விடக் கூடாது. நாக்கின் மேலும் கீழும், பலகையின் அடிப்புறத்திலும் இதே கவனம் வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் ஒரு வார்னிஷ் துளி பலகையைத் தூக்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பலகையின் அடியில் தார்போன்ற கறுப்புப் பசை இருந்தால் அதைச் சுரண்டவோ இழைக்கவோ தொடங்கிவிட வேண்டாம். அந்தக் காலத்துப் பசைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். இரண்டையும் சோதனைக்கு அனுப்பிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். என் பலகைகளில் பசை இல்லை. ஆனாலும் தேக்குத் தூளே சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும் என்பதால் நல்ல முகமூடி இல்லாமல் நான் வேலை செய்யவில்லை.

சுத்தமான பலகைகளை அகலம் பார்த்துப் பிரித்தேன். ஒரு வரிசை முழுக்க ஒரே அகலம் ஓட வேண்டும். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தால்கூட முனை சேரும் இடத்தில் அடுத்த வரிசை ஒட்டாது. கண்ணை நம்பாமல், வெட்டிய ஒரு மரத்துண்டை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு பலகையையும் அதற்குள் நுழைத்துப் பார்த்தேன். காடிக்கு மேலே இருக்கும் உதட்டின் கனத்தையும் பார்த்தேன். முன்பே பலமுறை இழைக்கப்பட்ட பலகையில் அந்த உதடு மெலிந்திருக்கும். 4 மி.மீ.க்குக் குறைந்தவற்றை அலமாரி நிற்கும் ஓரத்துக்கென்று ஒதுக்கினேன். நாக்கு முறிந்தவை கடைசி வரிசைகளுக்கு. இப்படிக் கழிந்துகொண்டே போகும் என்பதால், பழைய பலகை வாங்குபவர் தரையின் பரப்பைவிடக் கால் பங்காவது கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் போய்த் தேடினால் அதே மரம் கிடைக்காது.

பாவும் வேலை இவ்வளவுக்கும் பிறகுதான். பிளைவுட்டின் மேல் காற்றுப் புகும் கட்டுமானக் காகிதத்தை விரித்தேன். பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொல்பவர்கள் உண்டு. காங்கிரீட்டுக்கு அது சரி. அடியில் காற்றோட்டமுள்ள மரத்தரையில் அது ஈரத்தைச் சிறைப்பிடித்து, பிளைவுட்டையும் சட்டங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

சுவர்கள் நேராக இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. நீளமான சுவருக்கு இணையாக நூல் அடித்து, அந்தக் கோட்டைத்தான் முதல் வரிசைக்கு ஆதாரமாக வைத்தேன். சுவரின் கோணல் முழுவதும் விரிவு இடைவெளியில் மறைந்துவிடும். அறையைச் சுற்றி 15 மி.மீ. இடைவெளி, அதைச் சுவரோரப் பட்டி மூடும். முதல் வரிசையைப் பட்டிக்கு அடியில் மறையும் இடத்தில் மேலிருந்து திருகாணி போட்டு நிறுத்தினேன். அந்த வரிசை ஓர் இழை நகர்ந்தாலும் தரை முழுவதும் சாயும் என்பதால் அதில் பொறுமையாக இருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் நாக்கின் வழியே, 45 பாகைச் சாய்வில். ஆணி 50 மி.மீ.; 200 முதல் 250 மி.மீ.க்கு ஒன்று, முனையிலிருந்து 50 மி.மீ.யாவது உள்ளே தள்ளி. காய்ந்த தேக்கில் நேரடியாக ஆணி அடித்தால் நாக்கு பிளக்கும். ஆணியைவிட மெல்லிய துளையை முதலில் போட்டுக்கொண்டேன். கடைசி அடியைச் சுத்தியலால் அடிக்காமல் ஆணிக்குத்தியால் தட்டி, தலையை நாக்குக்குள் புதைத்தேன். பலகையை இறுக்குவதற்குச் சுத்தியலை விளிம்பில் வைக்கவே கூடாது. காடி உள்ள வெட்டுத்துண்டு ஒன்றை நாக்கின் மேல் பொருத்தி, அந்தத் துண்டைத்தான் தட்ட வேண்டும். வில்போல வளைந்த பலகைகளுக்கு, பிளைவுட்டில் தற்காலிகமாக ஒரு கட்டையைத் திருகி, அதற்கும் பலகைக்கும் நடுவே ஆப்பு வைத்து நெருக்கி, வளைவு நேரானதும் ஆணியடித்தேன். முரட்டு வளைவுகளை அறுத்துக் குட்டையாக்கிவிட்டேன். அவற்றோடு மல்லுக்கட்டி ஜெயித்தாலும், அந்த இறுக்கம் தரைக்குள் தங்கிவிடும்.

ஆறேழு வரிசைகளை முன்கூட்டியே தரையில் பரப்பிப் பார்ப்பதை யாரும் தவிர்க்க வேண்டாம். கருத்த பலகை, வெளுத்த பலகை, நீளம், குட்டை எல்லாம் கலக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் 200 மி.மீ.யாவது விலகி நிற்க வேண்டும். நின்று பார்த்து, மாற்றி வைத்து, மறுபடி பார்த்து முடிவு செய்யும் இந்த நேரம்தான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

பலகைகளை ஒன்றோடொன்று பசையிட்டு ஒட்டினால் உறுதியாக இருக்குமே என்று உதவிக்கு வந்த நண்பர் கேட்டார். ஒட்டினால் பல பலகைகள் சேர்ந்து ஒரே அகலப் பலகையாகிவிடும். வறண்ட காலத்தில் ஒவ்வோர் இணைப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் பங்கிட வேண்டிய சுருக்கம், ஒட்டாத ஓர் இடத்தில் மொத்தமாகச் சேர்ந்து பெரிய பிளவாகத் திறக்கும். அதனால் விளிம்புகளில் பசை தொடவில்லை.

வாசல் நிலையின் அடியை ஒரு பலகைத் துண்டின் மேல் ரம்பத்தைப் படுக்க வைத்து அறுத்து, பலகையை அதன் கீழே நுழைத்தேன். கடைசி இரண்டு வரிசைகளில் சாய்வாக ஆணியடிக்க இடம் இருக்காது. மேலிருந்து திருகி, அதே தேக்கில் செய்த தக்கைகளால் மூடினேன்.

தேய்ப்பு 40ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கியது. பழைய பலகைகளின் உயர வித்தியாசம் தீர, முதலில் மூலைவிட்டமாக ஓட்டி, பிறகு ரேகையின் போக்கில் 60, 80, 120. தேக்கில் இருக்கும் மணற்சத்து உப்புத்தாளை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய தாளோடு அழுத்தித் தேய்த்தால் மரம் சூடேறிக் கறுக்கும். பழைய ஆணித்துளைகளைச் சுற்றி இரும்பின் கறை கருவட்டமாக இருந்தது. அதை அகற்ற முயலவில்லை. அந்தக் கறையோடுதான் இந்தத் தரை அழகு. துளைகளை மட்டும் தேக்குத் தூளும் பிசினும் கலந்து அடைத்தேன். பலகைகளுக்கு இடையே இருந்த நூலிழை இடைவெளிகளை அடைக்கவில்லை. ஈரக் காலத்தில் மரம் விரியும்போது அந்த அடைப்பு பிதுங்கி வெளியே வந்துவிடும்.

தேக்கின் எண்ணெய்த்தன்மையில் மேல்பூச்சு சரியாகப் பிடிக்காது. கரைப்பானில் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் மெழுகு கலந்த எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்தேன். தடிப்பான பளபளப்பு வார்னிஷ் போட்டால் காட்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஓரிடத்தில் கீறினால் முழுத் தரையையும் தேய்க்க வேண்டி வரும். எண்ணெய்ப் பூச்சில் கீறிய இடத்தை மட்டும் சரிசெய்யலாம். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடுவது மிகவும் ஆபத்தானது. காய்கிற எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துணியையும் நீரில் முக்கிவிட்டு, வெளியே விரித்து உலர்த்திய பிறகே எறிந்தேன்.

சுவரோரப் பட்டியைச் சுவரில் மட்டும் அடித்தேன். தரையோடு சேர்த்து அடித்தால் விரிவு இடைவெளிக்குப் பொருளே இல்லாமல் போகும். தரையில் ஒரு மூலைப் பலகைத் தொகுதியைத் திருகாணியால் மட்டும் பொருத்தி, கழற்றி அடியில் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். ஈரக் காலத்திலும் வறண்ட காலத்திலும் அதைத் திறந்து, சரிசெய்த சட்டத்தின் முனையில் ஈரமானியைக் குத்தி, எண்ணைச் சட்டத்திலேயே பென்சிலால் எழுதி வைக்கிறேன். வெளியே காற்றுத் துளைகளில் சேரும் இலைகளையும் மண்ணையும் அப்போதே அகற்றுகிறேன். மீந்த பலகைகளின் முதுகில் அகலத்தைக் குறித்து, அதே வீட்டுக்குள், குச்சி வைத்து அடுக்கியிருக்கிறேன். பின்னாளில் ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தால், அந்த வீட்டின் காற்றுக்கு ஏற்கெனவே பழகிய அதே தேக்கு கையில் இருக்கும்.